மோனிக் பெர்லியூ அம்மையாருக்கு

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். நீங்கள் 2015இல் காலமாகிவிட்டீர்கள். இருந்தும் ஒரு மனக்குறையை உங்களிடம்தான் சொல்ல வேண்டும். உங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருக்கும் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அலுவலகத்தில்தான் தொடங்குகிறார்கள். நீச்சலுக்குக் கிடைப்பது ஒரே வரி: 1948, லண்டன், பெண்கள் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக் (மல்லாந்து நீந்தும் போட்டி), அரையிறுதி.

அந்த வரிக்கு முன்னால் இரண்டு ஒலிம்பிக் போட்டிகள் காணாமல் போயிருக்கின்றன. 1940இல் உங்களுக்குப் பதினாறு வயது, 1944இல் இருபது. உலகப்போரால் இரண்டுமே நடக்கவில்லை. லண்டனில் குளத்தில் இறங்கியபோது இருபத்து நான்கு. போரை மட்டுமே காரணம் காட்டிவிட முடியாது என்பதும் தெரியும். 1 நிமிடம் 14.4 விநாடியில் தங்கம் வென்ற காரென் ஹாரூப்பின் டென்மார்க்கும், உங்கள் பிரான்ஸைப் போலவே, போரில் ஜெர்மானியர் பிடியில் கிடந்த நாடுதான். ஆனாலும் அந்த எட்டு ஆண்டுகளை நினைத்தால் மனம் பொறுக்கவில்லை.

நீச்சல் உங்கள் வீட்டுத் தொழில். தாயார் சுசான் பெர்லியூ பயிற்சியாளர். அவர் பழக்கிய கிகி காரோன் 1964இல் டோக்கியோவில், அதே 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில், வெள்ளி வாங்கினார். தங்கத்துக்கும் அவருக்கும் இடையே வெறும் 0.2 விநாடி! மகளுக்குக் கிட்டாத பதக்கம் மாணவிக்குக் கிட்டிய அன்று உங்கள் வீட்டில் என்ன பேசிக்கொண்டீர்கள்? மற்ற எதையும்விட இதைத்தான் உங்களிடம் கேட்க ஆசை.

லோசான் கதை ஊரறிந்தது. 1971இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் இயக்குநர் ஆனீர்கள். தலைவர் பிரண்டேஜ் சிகாகோவில், அடுத்துத் தலைவராக வந்த கில்லானின் என்பவர் அயர்லாந்தில்; அன்றாட நிர்வாகம் உங்கள் கையில். ஆனால் 1981 வரை அந்தக் கமிட்டியில் ஒரு பெண் உறுப்பினர்கூடக் கிடையாது. சம்பளத்துக்கு ஒரு பெண் எல்லாவற்றையும் நடத்தலாம், வாக்களிக்கும் நாற்காலியில் மட்டும் உட்காரக் கூடாது, நல்ல நியாயம்தான். பிறகு சமராஞ்ச் தலைவராகி லோசானிலேயே குடியேறினார். ஓர் உறையில் இரண்டு வாள் எத்தனை நாள் இருக்கும்? 1985இல் வெளியேறினீர்கள்.

பிரண்டேஜும் ஒருகாலத்தில் விளையாட்டு வீரர்தான். 1912இல் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் பென்டத்லான் என்னும் ஐந்து தடகளப் போட்டிகளின் தொகுப்பில் ஆறாவதாக வந்தவர். அவரை அறிமுகப்படுத்தும்போது அதைச் சொல்லத் தவறுவதில்லை. உங்களை மட்டும் ஏன் நிர்வாகியாகவே பிறந்தவர்போல எழுதுகிறார்கள்?

அன்புடன்,
ஒரு வாசகி