அது அசுத்த ரத்தம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் இதயத்தின் இயக்கத்தைப் பற்றி வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். நான்கு அறைகளும் வால்வுகளும் ஒன்றுக்கொன்று முறை வைத்து வேலை செய்வதைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் புரியும்படி எழுதியிருந்தது மகிழ்ச்சி அளித்தது. ஆனால் கட்டுரை நெடுகிலும் ‘சுத்த ரத்தம்’, ‘அசுத்த ரத்தம்’ என்ற சொற்களே வந்தன. உடன் இருந்த படத்திலும் இதயத்தின் வலப்பக்கம் முழுவதும் நீலம் தீட்டி, ‘அசுத்த ரத்தம்’ என்று குறித்திருந்தார்கள். இருபத்தெட்டு ஆண்டுகள் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், இந்தச் சொற்களைக் கைவிடுமாறு கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன். இவை நம் பாடப்புத்தகங்களில் நெடுநாள் புழங்கிய சொற்கள்தாம். பணியின் முதல் சில ஆண்டுகள் நானும் இவற்றையே கரும்பலகையில் எழுதினேன்.

என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒரு மாணவியின் கேள்வி. ரத்த தானத்தைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது, “முழங்கை மடிப்பில் ஊசி குத்துவது சிரையில்தானே சார், அப்படியென்றால் அசுத்த ரத்தத்தையா நோயாளிக்குக் கொடுக்கிறோம்?” என்று எழுந்து கேட்டாள். அவள் கேட்டதில் பிழையே இல்லை. தானமாகப் பெறும் ரத்தம் சிரையிலிருந்துதான், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவரும் குழாயிலிருந்துதான், எடுக்கப்படுகிறது. நோயாளியின் சிரை வழியாகவே உள்ளே சென்று அவர் உயிரைக் காக்கிறது. பிழை நான் கற்பித்த சொல்லில் இருந்தது.

சிரை ரத்தத்தில் உண்மையில் என்ன குறைகிறது என்று பார்ப்போம். இதயத்திலிருந்து வெளியே செல்லும் குழாயான தமனியின் ரத்தத்தில், சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்ற புரதம் ஏறத்தாழ முழு அளவுக்கு ஆக்சிஜனைச் சுமந்து செல்கிறது. உடல் ஓய்வில் இருக்கும்போது, எல்லா உறுப்புகளையும் சுற்றிவிட்டு வலது மேலறைக்குத் திரும்பும் ரத்தத்திலும் அதில் நான்கில் மூன்று பங்கு அப்படியே இருக்கிறது. அதேபோல, கரியமில வாயு சிரையில் மட்டும் இருப்பதும் அல்ல. அதன் அழுத்தம் சிரை ரத்தத்தில் சுமார் 46 மில்லிமீட்டர் பாதரசம் என்றால், ‘சுத்தமான’ தமனி ரத்தத்தில் சுமார் 40. நுரையீரல் அந்த வாயுவை முழுவதுமாக அகற்றிவிடுவதில்லை, அகற்றிவிடவும் கூடாது. ரத்தத்தின் அமில, காரச் சமநிலை அதைச் சார்ந்துதான் நிற்கிறது; எவ்வளவு வேகமாக மூச்சுவிட வேண்டும் என்பதை மூளை கணிப்பதும் பெரும்பாலும் அதைக் கொண்டுதான். இவ்வளவு வேலை செய்யும் ஒன்றை வெறும் அழுக்கு என்று எப்படிச் சொல்வது?

கழிவை அகற்றுவதுதான் சுத்தம் என்று கொண்டால், அந்தச் சொல் இன்னும் மோசமாகத் தடுமாறுகிறது. யூரியா போன்ற கழிவுகளை வடித்து வெளியேற்றுவது சிறுநீரகம். இதயம் நிமிடத்துக்கு வெளியேற்றும் சுமார் 5 லிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அங்கே போகிறது. யூரியாவோடு உள்ளே நுழைவது சிறுநீரகத் தமனி. அதில் ஒரு பகுதியை விட்டுவிட்டு வெளியே வருவது சிறுநீரகச் சிரை. அதாவது அந்த இடத்தில் ‘அசுத்தக் குழாய்’ என்று நாம் பெயர் வைத்ததில்தான் கழிவு குறைந்த ரத்தம் ஓடுகிறது. உண்ட உணவிலிருந்து கிடைக்கும் சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் குடலிலிருந்து கல்லீரலுக்குக் கொண்டுசெல்வதும் ஒரு சிரையே. கருவிலிருக்கும் குழந்தைக்கு நஞ்சுக்கொடியிலிருந்து ஆக்சிஜன் மிகுந்த ரத்தத்தைத் தருவதும் தொப்புள்கொடியின் சிரைதான். பிறந்த பின்பும் நுரையீரல் தமனி ஆக்சிஜன் குறைந்த ரத்தத்தையும், நுரையீரல் சிரைகள் ஆக்சிஜன் நிறைந்த ரத்தத்தையும் சுமக்கின்றன. இவற்றை ‘விதிவிலக்கு’ என்று மனப்பாடம் செய்யச் சொல்கிறோம். இதயத்திலிருந்து வெளியே செல்வது தமனி, இதயத்தை நோக்கி வருவது சிரை என்று திசையை வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தால், நுரையீரலுக்கோ தொப்புள்கொடிக்கோ விலக்கே தேவைப்பட்டிருக்காது.

நீல நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மனித ரத்தம் எந்தக் குழாயிலும் நீலமாக ஓடுவதில்லை. ஆக்சிஜன் மிகுந்தால் பளிச்சென்ற சிவப்பு, குறைந்தால் கருஞ்சிவப்பு, அவ்வளவே. புறங்கையில் தெரியும் சிரைகள் நீலமாகத் தோன்றுவதற்குத் தோலில் ஒளி சிதறும் விதமும், அடியில் உள்ள குழாய் சிவப்பு ஒளியை ஈர்த்துக்கொள்வதுமே காரணம். உடலிலேயே மிகக் கருத்த ரத்தம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? இதயத் தசையிலிருந்து. தன்னிடம் வரும் ஆக்சிஜனில் மற்ற உறுப்புகள் பெரும்பகுதியை மிச்சம் விட, ஓய்வில்லாமல் சுருங்கும் இதயத் தசை ஏறத்தாழ முக்கால் பங்கை எடுத்துக்கொண்டுவிடுகிறது. மிச்சம் குறைவாக இருப்பதால், மாடிப்படி ஏறும்போது அதற்குத் தேவை கூடினால், கூடுதல் ரத்தம் வந்தே ஆக வேண்டும். இதயத் தமனியில் அடைப்பு உள்ளவருக்கு நடக்கும்போது நெஞ்சு வலிப்பது இதனால்தான். கருஞ்சிவப்பு என்பது அழுக்கின் அடையாளம் அல்ல, நடந்த உழைப்பின் அடையாளம் என்பதை இதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது.

ரத்தத்தை இரு சாதியாகப் பிரித்துப் பார்ப்பது மிகப் பழைய பழக்கம். பண்டைக் கிரேக்க மருத்துவர் கேலன் காலத்திலிருந்து ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக, சிரையில் ஓடுவது கல்லீரலில் உண்டாகும் ஒரு ரத்தம், தமனியில் ஓடுவது உயிர்மூச்சு கலந்த வேறொரு ரத்தம் என்றே ஐரோப்பிய மருத்துவர்கள் நம்பினார்கள். 1628-இல் ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி ரத்த ஓட்டத்தைப் பற்றிய தம் நூலை வெளியிட்டு அதை மாற்றினார். ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் ரத்தத்தைக் குறைத்து மதிப்பிட்டுக் கணக்குப் போட்டாலும், அரை மணி நேரத்தில் அது உடலில் உள்ள மொத்த ரத்தத்தை மிஞ்சிவிடுகிறது. ஆகவே அதே ரத்தம்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும் என்றார். அவர் கையில் கட்டுப்போட்டுக் காட்டியதை யாரும் செய்து பார்க்கலாம். மேற்கையை லேசாக இறுக்கினால் முன்கைச் சிரைகள் புடைக்கும். ஒன்றை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் அதன் ரத்தத்தைத் தோள் பக்கமாக அடுத்த முடிச்சுக்கு அப்பால் தள்ளுங்கள். அந்தத் துண்டு தட்டையாகிவிடும். மேலிருந்து ரத்தம் திரும்பி வராது, ஏனெனில் அந்த முடிச்சில் ஒரு வால்வு இருக்கிறது. அழுத்திய விரலை எடுத்த கணம் கீழிருந்து நிரம்பும். ஒரே ரத்தம், ஒரே சுற்று என்று அவர் நிறுவியதை, ‘சுத்தம், அசுத்தம்’ என்று பெயரிட்டு நாம் மறுபடியும் இரண்டாக்கிவிட்டோம்.

சொல்தானே என்று இதை விட்டுவிட முடியவில்லை. காலில் சிரை சுருண்டு புடைத்தவர்கள், “கெட்ட ரத்தம் தேங்கிவிட்டது, கீறி வெளியேற்றினால் போதும்” என்று சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அங்கே கெட்டுப்போனது ரத்தம் அல்ல, சிரையின் வால்வு. (சில குறிப்பிட்ட நோய்களுக்கு மருத்துவர்களே ரத்தம் எடுப்பதுண்டு, அதற்குக் காரணம் வேறு.) ஆறாம் வகுப்பில் படித்த ஒரு சொல் அறுபது வயதில் ஒருவரைத் தவறான கைகளில் கொண்டுபோய் நிறுத்துகிறது என்றால், அதை அச்சிடும் நமக்கும் பொறுப்பு உண்டு.

எனவே இனி வரும் கட்டுரைகளில் ‘ஆக்சிஜன் மிகுந்த ரத்தம்’, ‘ஆக்சிஜன் குறைந்த ரத்தம்’ என்றே குறிப்பிடும்படி வேண்டுகிறேன். சற்று நீளமான சொற்கள்தாம், ஆனால் பொய் சொல்லாதவை. படத்தில் நீலத்தைத் தவிர்க்க இயலாவிட்டால், ‘நிறம் அடையாளத்துக்கு மட்டுமே’ என்று கீழே ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அடுத்த இதழில் ஒரு சிறு திருத்தக் குறிப்பும் வெளியிட்டால், சென்ற இதழை வெட்டிக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்திருக்கும் மாணவர்களுக்கு அது போய்ச் சேரும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர் ஒருவர்