வலையமைப்புக் கண்காணிப்பு மென்பொருளை வாங்கும் முன்: கல்லூரிக் கொள்முதல் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். வளாக வலையமைப்பைக் கண்காணிக்கும் மென்பொருளுக்கு வந்துள்ள விலைப்புள்ளிகள் தங்கள் பரிசீலனையில் உள்ளன. கொள்முதல் ஆணை பிறப்பிக்கும் முன், ஜாபிக்ஸ் அல்லது லிப்ரெஎன்எம்எஸ் என்னும் கட்டற்ற மென்பொருளை ஒரு பருவம் முழுவதும் நம் வளாகத்திலேயே ஓட்டிப் பார்க்க அனுமதிக்குமாறு, அந்த வலையமைப்பை நாள்தோறும் பராமரிப்பவன் என்ற முறையில் கேட்டுக்கொள்கிறேன்.

சென்ற ஆண்டு விடுதியில் யாரோ ஒரே கேபிளின் இரு முனைகளையும் சுவரிலிருந்த இரண்டு போர்ட்டுகளில் செருகிவிட, தரவு அந்த வளையத்திலேயே சுற்றிச் சுற்றி வந்து, தேர்வுக் கட்டணம் செலுத்தும் கடைசி நாளில் மூன்று மாடிகளும் முடங்கின. எந்த சுவிட்சில் (கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் பெட்டி) சிக்கல் என்று தெரியாமல், மாடி மாடியாக ஏறி ஒவ்வொரு கேபிளாகக் கழற்றிப் பார்த்தேன். மாணவர்கள் கைப்பேசியுடன் படிக்கட்டில் காத்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

விற்பனையாளர்களின் செயல்விளக்கங்களில் வண்ண வரைபடங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அவை உண்மையைக் காட்டுமா என்பது நம் சுவிட்சுகளைப் பொறுத்தது. சுவிட்சின் ஒவ்வொரு போர்ட்டும் தன் வழியே சென்ற பைட்டுகளை எண்ணிவைக்கிறது. மென்பொருள் எஸ்என்எம்பி (வலையமைப்புக் கருவிகளிடம் விவரம் கேட்டுப் பெறும் நெறிமுறை) வழியாக, வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அந்த எண்ணிக்கையைப் படித்தே வேகத்தைக் கணக்கிடுகிறது. எண்ணிவைக்கும் அந்த எண்ணி சிறிய 32 பிட் வகையாக இருந்தால், முழு வேகத்தில் ஓடும் ஒரு கிகாபிட் இணைப்பில் சுமார் 34 விநாடியில் நிரம்பி மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்கிவிடும். ஐந்து நிமிடத்தில் எட்டு முறைக்கு மேல் சுழன்றுவிட்ட எண்ணியைக் கொண்டு வரையும் கோடு பொய்தான் சொல்லும். நம் பழைய சுவிட்சுகளில், மிகப் பெரிய எண் வரை எண்ணும் 64 பிட் எண்ணிகளைப் படிக்க முடிகிறதா என்பதை இங்கே சோதித்தால்தான் தெரியும்.

சென்சார் (கண்காணிக்கும் ஒவ்வோர் அளவீடும் ஒரு சென்சார்) கணக்கில் விலை சொல்லும் மென்பொருளில், 48 போர்ட் சுவிட்சுகள் இருபது இருந்தால் போர்ட்டுக்கு ஒன்று வீதம் 960 சென்சார்கள் ஆகிவிடும் என்பதையும் கருதுங்கள்.

கண்காணிப்பு மென்பொருளிடம் வளாகத்தின் எல்லாச் சாவிகளும், அதாவது கருவிகளை அணுகும் கடவுச்சொற்களும், இருக்கும். 2020இல் சோலார்விண்ட்ஸ் ஓரியன் என்னும் கண்காணிப்பு மென்பொருளின் புதுப்பிப்பிலேயே தீநிரல் நுழைந்து, சுமார் 18,000 வாடிக்கையாளர்கள் வரை சென்றது. எனவே எதை வாங்கினாலும், படிக்கும் உரிமை மட்டும் தந்து, மறையாக்கம் உள்ள எஸ்என்எம்பி மூன்றாம் பதிப்பிலேயே இயக்க வேண்டும்.

கட்டற்ற மென்பொருளுக்கும் செலவு உண்டு. உரிமத்துக்குப் போகும் பணம் அங்கே ஆளின் நேரமாகப் போகிறது. ஆகவே ஆய்வகத்தில் சும்மா கிடக்கும் பழைய சர்வர் ஒன்றையும், என்னுடன் சேர்ந்து இதைக் கற்றுக்கொள்ள ஆய்வக உதவியாளர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தையும் ஒதுக்கித் தாருங்கள். பருவ இறுதியில் அளவீடுகளைத் தங்கள் முன் வைக்கிறேன்.

இப்படிக்கு,
வலையமைப்பு நிர்வாகி