நீதிக்கு 10 மார்க்காம்! புத்தக விமர்சனப் போட்டி நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் ஐயா, வணக்கம் அம்மா.

நான் சீர்காழி பக்கத்துல ப்ளஸ் ஒன் படிக்கிற பொண்ணு. பேரு வேணாம். ஆகஸ்ட் 12 நூலகர் தினத்துக்கு நீங்க வெச்ச போட்டில "வெக்கை" நாவல பத்தி எழுதி 50க்கு 19 வாங்கினது யாருன்னு யோசிச்சீங்கன்னா ஞாபகம் வந்துரும். பேப்பர் மேல செவப்பு பேனால "சொந்தக் கதை தேவையில்லை"ன்னு எழுதி, காட்டிட்டு திரும்ப வாங்கி வெச்சுக்கிட்டீங்களே, அந்தப் பொண்ணு.

மார்க்குக்கு சண்ட போட வரல. சரி, கொஞ்சம் அதுவும் இருக்கு, பொய் சொல்லக்கூடாது. ஆனா முக்கியமா அந்த ஃபார்ம பத்தி பேசணும். நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பக்கம், விலை, கதைச் சுருக்கம், கடைசியா ஒரு பெரிய கட்டம் போட்டு "இந்நூல் உணர்த்தும் நீதி", அதுக்கு 10 மார்க். அந்த கட்டத்துல நான் "தெரியல, ஆனா படிச்சு முடிச்சப்ப பயங்கரமா பசிச்சுது"ன்னு எழுதினேன். நீங்க முட்டை போட்டீங்க. நக்கல் பண்றேன்னு நெனச்சிருப்பீங்க போல, சத்தியமா இல்ல, அதான் நடந்துச்சு.

பூமணி 1982ல எழுதின நாவல் அது. அத வெச்சு எடுத்த "அசுரன்" படம் பார்த்தவங்க எல்லாம் கதை தெரியும்னு சொல்லுவாங்க, என் க்ளாஸ்லயும் அப்படித்தான், ஆனா புத்தகம் வேற மாதிரி இருக்கு. எடுத்த எடுப்புலயே கொலை. பதினஞ்சு வயசுப் பையன் சிதம்பரம், அண்ணன கொன்னவன் கைய மட்டும் வெட்டணும்னுதான் போறான், ஆனா ஆள் செத்துடுறான். அப்புறம் அவனும் அவன் அய்யாவும் காடு மலைன்னு தலைமறைவா அலையுறாங்க. எனக்கு அவனவிட ஒரு வயசுதான் ஜாஸ்தி. அன்னிக்கு ராத்திரி பத்தரைக்கு ஆரம்பிச்சவ கீழயே வெக்கல, கரன்ட் போனப்பகூட போன் டார்ச்ச வாயில கவ்விக்கிட்டு படிச்சேன், பாத்ரூம் கொல்லப்பக்கம் இருக்கு, போகணும்னு இருந்தும் பயத்துல அடக்கிக்கிட்டு உக்காந்திருந்தேன்.

ஆனா இப்ப யோசிச்சா மனசுல நிக்கிறது அந்த வெட்டு இல்ல, அப்பனும் மகனும் அலைஞ்சு திரியுற எடத்துல கெடைக்கிறத சாப்பிடுறதுதான். ஊரு தேடுது, போலீசு தேடுது, அதுக்கு நடுவுல அந்த மனுசன் மகனுக்கு புத்தி சொல்லி பிரசங்கம் பண்ணிக்கிட்டு இருக்கல, அவன் வயித்துக்கு வழி பாக்குறாரு. அத படிச்சு படிச்சு எனக்கு வயிறு கிள்ள ஆரம்பிச்சுது. விடியக்காலம் மூணு மணிக்கு எந்திரிச்சுப் போயி பழைய சோத்துல மோர ஊத்தி மோர்மிளகா கடிச்சுக்கிட்டு உக்காந்தேன். அப்பா சத்தம் கேட்டு வந்தாரு. ஏன் முழிச்சிருக்கன்னு கேக்கல, திட்டல, பொதுவா எங்கப்பா ரொம்ப பேச மாட்டாரு, டப்பாவ தொறந்து இன்னும் ரெண்டு மோர்மிளகா எடுத்து தட்டுல போட்டுட்டு போயி படுத்துட்டாரு. எனக்கு அழுகை வந்துடுச்சு. நாவலுக்கா அப்பாவுக்கான்னு இப்பவும் தெரியல. அதத்தான் எழுதினேன். அதத்தான் நீங்க "சொந்தக் கதை"ன்னு அடிச்சுட்டீங்க. அந்தக் கதையில வர்ற அய்யாவே மகனுக்கு நீதி சொல்லல, நான் எங்கேருந்து கண்டுபிடிச்சு கட்டத்த நெரப்புறது?

படிச்சு என்ன தோணுச்சுன்னு சொல்றது ஒன்னும் சின்னப்புள்ள வேலை இல்லைங்க. "பொன்னியின் செல்வன்" எடுத்துக்கோங்க, 2022ல படம் வந்தப்ப நான் எட்டாவது, எல்லாரும் தியேட்டருக்கு போனாங்க, எங்க வீட்ல கூட்டிட்டுப் போகல, அந்த வீம்புக்கு லைப்ரரில அஞ்சு பாகத்தையும் ஒன்னொன்னா எடுத்து படிச்சேன். உண்மைய சொல்லணும்னா நடுவுல சரித்திர விளக்கம் வர்ற எடமெல்லாம் தாண்டி தாண்டித்தான் போனேன், இத போட்டில எழுதியிருந்தா இன்னும் அஞ்சு மார்க் போயிருக்கும். ஆனா வந்தியத்தேவன் வாய குடுத்து மாட்டிக்கிற எடத்துலல்லாம் சத்தமா சிரிச்சு அம்மாகிட்ட திட்டு வாங்கினேன். பூங்குழலிய ரொம்ப பிடிச்சுது. அஞ்சாம் பாகம் முடிஞ்சப்ப வந்துச்சு பாருங்க ஒரு கோவம், சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன யாரு கொன்னாங்கன்னு நேரடியா சொல்லவே இல்ல! இத்தன பக்கம் படிக்க வெச்சுட்டு!

பக்கத்த திருப்புனா பின்னாடி கல்கி ஒரு முடிவுரை எழுதியிருக்காரு. 1950லேருந்து 54 வரைக்கும் தொடர்கதையா வந்துச்சு இல்லையா, அது முடிஞ்சதும் படிச்சவங்க எல்லாம் என்ன இப்படி சட்டுன்னு முடிச்சுட்டீங்க, அவங்க என்ன ஆனாங்க, இவங்க என்ன ஆனாங்கன்னு கேட்டிருக்காங்க, அதுக்கு அவரு உக்காந்து பதில் எழுதியிருக்காரு. எனக்கு ஒரே சந்தோஷம். எங்க பாட்டி காலத்துலயே என்ன மாதிரி கோவக்காரங்க இருந்திருக்காங்க. யாரும் அவருகிட்ட நீதி என்னான்னு கேக்கல, குந்தவைக்கு என்னாச்சுன்னுதான் கேட்டிருக்காங்க, அவரும் மதிச்சு பதில் சொல்லியிருக்காரு.

அந்த கோவம் எங்க கொண்டுபோயி விட்டுச்சு தெரியுமா? கரிகாலன் கொலைய பத்தி காட்டுமன்னார்கோயில் பக்கம் உடையார்குடி கோயில்ல நெஜமாவே கல்வெட்டு இருக்குன்னு லைப்ரரி அக்கா சொன்னாங்க. அப்பாவ நச்சரிச்சு ஒரு ஞாயித்துக்கெழம எக்ஸெல் வண்டில கொள்ளிடம் தாண்டி சிதம்பரம் வழியா கெளம்பிட்டோம். மொதல்ல வீராணம், அதான் கதையில மொத அத்தியாயத்துல ஆடிப்பெருக்கு அன்னிக்கு வந்தியத்தேவன் குதிரைல வர்ற வீரநாராயண ஏரி. கரைல நின்னு பார்த்தா எதிர்க்கரை கண்ணுக்கு சரியா தெரியல. எழுபத்து நாலு கணவாய், அதாவது ஏரித் தண்ணி வெளிய போற மடைன்னு கதையில வரும், நான் எண்ண ஆரம்பிச்சேன், அப்பா வெயில்ல நின்னு "எண்ணிட்டு வா, நான் டீ குடிக்கிறேன்"னாரு. இந்தத் தண்ணிதான் மெட்ராசுக்கு போகுதுன்னும் அவருதான் சொன்னாரு. அப்புறம் அனந்தீஸ்வரர் கோயில். கல்வெட்டு சுவத்துல இருக்கு, எனக்கு ஒரு எழுத்துகூட புரியல, நம்ம தமிழ்தான், ஆனா புரியல. சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு துரோகிங்க பேரும், அவங்க சொத்த எடுத்துக்கிட்டதும் அதுல இருக்குன்னு பின்னாடி படிச்சு தெரிஞ்சுக்கிட்டேன். கதையில நான் திட்டிக்கிட்டே படிச்ச ரவிதாசன் பேரு ஆயிரம் வருஷமா அங்க கல்லுல இருக்கு, நான் அதுக்கு நேரா கைய தொடைச்சுக்கிட்டு நின்னுக்கிட்டு இருந்திருக்கேன்! இதுக்கெல்லாம் உங்க ஃபார்ம்ல கட்டமே இல்ல.

சரி, ஃபர்ஸ்ட் ப்ரைஸ். வாங்கினது என் ஃப்ரெண்டுதான், அவன் மேல கோவம் இல்ல, பரிசு வாங்கின அன்னிக்கு எனக்கு பன்னீர் சோடா வாங்கிக் குடுத்தான். ஆனா அவன் அந்த புத்தகத்த பின்அட்டை மட்டும்தான் படிச்சான், மிச்சம் போன்ல பார்த்து எழுதினது. நீதி கட்டத்துல "வாய்மையே வெல்லும்"னு போட்டானாம். நேரா கூப்பிட்டு "உனக்கு இதுல யார பிடிக்கல?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா முழிச்சிருப்பான்.

அதனால அடுத்த வருஷம் அந்த நீதி கட்டத்த எடுத்துட்டு இப்படி ஏதாவது கேளுங்களேன், எந்த எடத்துல புத்தகத்த மூடி வெச்ச, எந்த எடத்துல எரிச்சல் வந்துச்சு, யாருகிட்ட போயி இத சொன்ன. புடிக்கலன்னு எழுதினாலும் மார்க் குடுங்க. எவ்வளவோ பேரு புடிக்காத புத்தகத்த புடிச்ச மாதிரி எழுதி எழுதியே அப்புறம் படிக்கிறத விட்டுட்டாங்க, என் க்ளாஸ்லயே ஏழெட்டு பேர காட்டுவேன்.

இன்னொரு விஷயம், இதுதான் அவசரம். புத்தகத்தையும் பேப்பரோட சேர்த்து ஒப்படைக்கணும்னு சொன்னீங்க, நானும் குடுத்தேன். அது என்னுது இல்ல, கிளை நூலகத்து புத்தகம். பேப்பரும் வரல, புத்தகமும் வரல, ரெண்டு தடவ ஆள் விட்டு கேட்டும் "பீரோ சாவி இல்ல"ன்னு சொல்லிட்டாங்க. எங்க லைப்ரரில உள்ள நொழஞ்சதும் ரங்கநாதன் ஃபோட்டோ இருக்கும், இந்தியாவுக்கே நூலகத்துல பெரிய ஆளு, 1892ல எங்க சீர்காழில பொறந்தவரு, பக்கத்துலயே அவரோட அஞ்சு விதியையும் சார்ட்ல எழுதி ஒட்டியிருக்காங்க. "ஒவ்வொரு நூலுக்கும் ஒரு வாசகர்"னு மூணாவது வரி. அந்த சார்ட்டுக்கு கீழ நின்னுதான் நான் தெனமும் அக்காகிட்ட "நாளைக்கு கண்டிப்பா"ன்னு சொல்றேன். ஃபைன் பெரிய காசு இல்ல, அத நான் கட்டிக்கிறேன். ஆனா பால் சொசைட்டில வேல பாக்குற ஒரு தாத்தா அத கேட்டு எழுதி வெச்சிருக்காரு, என்னைய பார்க்கும்போதெல்லாம் "என்னம்மா, முடிச்சிட்டியா"ன்னு கேக்குறாரு. முடிச்சு ரெண்டு மாசம் ஆச்சு தாத்தான்னு எப்படி சொல்றது.

என் பேப்பர் வேணும்னா உங்ககிட்டயே இருக்கட்டும். பீரோ சாவிய தேடி அந்த புத்தகத்த மட்டும் குடுத்து அனுப்பிடுங்க.

இப்படிக்கு,
19 மார்க்