உன் சிவப்புக் கோழிங்களைப் பத்தி

மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆச்சு. உடனே பதில் எழுதணும்னுதான் உக்காந்தேன், ஆனா அன்னைக்கு இன்குபேட்டர்ல 18-ஆவது நாள், முட்டையைத் திருப்புறதை நிறுத்திட்டு ஈரப்பதத்தை ஏத்துற நேரம், அதுக்கப்புறம் மூணு நாள் நான் வேற எதையும் கவனிக்கல. 61 முட்டை வெச்சதுல 43 குஞ்சு வெளிய வந்துச்சு. போன வருஷத்தை விட நல்ல பொறிப்பு, அந்தச் சந்தோஷத்துலயே எழுதுறேன்.

முழங்கால் எப்படி இருக்கு? மாடிப்படி ஏறுறதை இப்போதைக்குக் குறைச்சுக்கோடா. மூத்தவ வேலைக்குச் சேர்ந்துட்டான்னு எழுதியிருந்தே, படிச்சதும் மனசு நிறைஞ்சு போச்சு, அவ குஞ்சைக் கையில வெச்சுக்கிட்டு தூங்கினது எல்லாம் நேத்து நடந்த மாதிரி இருக்கு.

சரி, கோழி விஷயம். உன் கடிதத்துல ஒரு வரி என்னைத் தூங்க விடல. யாரோ வந்து பாத்துட்டு "இது ரோட் ஐலண்ட் ரெட் ஜாதியே இல்ல, கலப்பு"னு சொல்லிட்டுப் போயிருக்கான், நீயும் ஏமாந்துட்டோம்னு நினைச்சு எல்லாத்தையும் குடுத்துட்டு ஷோ குவாலிட்டி, அதாவது கோழிக் கண்காட்சில நிறுத்துற தரத்துல ஒரு ஜோடி வாங்கலாமான்னு கேக்குறே. அவசரப்படாதே. உன்னை யாரும் ஏமாத்தலன்னுதான் எனக்குத் தோணுது. நீ அனுப்பின போட்டோவுல இருக்குறது செங்கல் நிறத்துல, ஒல்லியா, வாலைக் கொஞ்சம் தூக்கிப் புடிச்சுக்கிட்டு இருக்குற கோழி, வாரத்துக்கு அஞ்சு ஆறு முட்டை போடுதுன்னு வேற நீயே எழுதியிருக்கே. குஞ்சு பொறிச்சு விக்கிற பெரிய ஹேச்சரில தலைமுறை தலைமுறையா முட்டை எண்ணிக்கையை மட்டும் பாத்துத் தேர்ந்தெடுத்தா சிவப்புக் கோழி இப்படித்தான் வந்து நிக்கும். ஷோவுக்கு வளர்க்குறவங்க கையில இருக்குற அதே ரோட் ஐலண்ட் ரெட் கறுப்புன்னு சொல்ற அளவுக்கு அடர்ந்த சிவப்பா, முதுகு நீளமா தட்டையா, பக்கத்துல இருந்து பாத்தா நீட்டமான ஒரு பெட்டி மாதிரி இருக்கும், முட்டை கம்மியாப் போடும். ரெண்டுக்கும் பேர் ஒண்ணுதான். ஆனா ரெண்டு கையும் வேற வேற விஷயத்தைத் தேடிப் போனதுனால ரெண்டு பறவையா ஆயிடுச்சு.

நாய்க்கு இருக்குற மாதிரி கோழிக்குப் பரம்பரைச் சர்டிபிகேட்னு எதுவும் கிடையாது மச்சான், இதை நிறைய பேர் யோசிக்கிறதே இல்ல. ஜட்ஜ் முன்னாடி கூண்டுல நிக்கிற பறவையோட அப்பன் யாரு ஆத்தா யாருன்னு யாரும் கேக்க மாட்டாங்க, அந்த உடம்புதான் அதோட சர்டிபிகேட். அதனால கவனிச்சுத் தேர்ந்தெடுக்குற ஆள் நாலஞ்சு தலைமுறைக்கு விட்டுட்டா பேர் மட்டும் மிஞ்சும், கோழி வேறயாப் போயிரும்.

அதுக்குத்தான் ஒவ்வொரு ஜாதியும் எப்படி இருக்கணும்னு ஸ்டாண்டர்ட்னு ஒண்ணு எழுதி வெச்சிருக்காங்க. இங்கிலாந்துல 1865-லயே முதல் தடவை புத்தகமாப் போட்டாங்க, அமெரிக்காவுல 1873-ல ஒரு சங்கம் ஆரம்பிச்சு அடுத்த வருஷமே அவங்க புத்தகம் வந்துச்சு, உன் சிவப்புக் கோழி அதுல ஏறினது 1904-ல. இத்தனை வருஷமா மனுஷங்க மாறிட்டே இருக்காங்க, ஆனா அந்தப் பக்கத்துல எழுதியிருக்குற பறவை கிட்டத்தட்ட அப்படியே இருக்கு. பெரிய சேவல் எட்டரை பவுண்டு, அதாவது 3.8 கிலோவுக்குக் கொஞ்சம் மேல, பெட்டை ஆறரை பவுண்டு. ஒத்தைக் கொண்டைன்னா நிமிர்ந்து நிக்கணும், அஞ்சு பல்லு இருக்கணும். செவிமடல் சிவப்பா இருக்கணும், வெள்ளை வரக்கூடாது. இறகை விலக்கிப் பாத்தா தோலை ஒட்டி பஞ்சு மாதிரி இருக்குமே, அதுவும் சிவப்பா இருக்கணும், சாம்பல் நிறம் தெரிஞ்சா குறைதான். முதல் தடவை படிச்சப்போ இதெல்லாம் ஏதோ அழகுப் போட்டி ரூல்ஸ்னுதான் நானும் நினைச்சேன். அப்புறம் ஒரு பறவையைக் கையில தூக்கி வெச்சுக்கிட்டு வரி வரியாப் படிச்சப்போதான் புரிஞ்சுது, அகலமான முதுகு, ஆழமான நெஞ்சு, தள்ளித் தள்ளி நிக்கிற கால் எல்லாமே உள்ள ஈரலுக்கும் குடலுக்கும் முட்டைக்கும் இடம் வேணும்னு சொல்றதுதான்.

நான் பண்ணின தப்பை உனக்கு இதுவரைக்கும் சொன்னதில்ல. மூணு வருஷம் முன்னாடி என்கிட்ட ஒரு வெடச்சேவல் வந்துச்சு, அந்த மாதிரி நிறம் நான் அதுக்கு முன்னாடி பாத்ததே இல்ல, கழுத்துல இருந்து வால் அடி வரைக்கும் ஒரே சீரா, வெயில்ல நின்னா மெருகு போட்ட மரம் மாதிரி மின்னுவான். நேரா மேல இருந்து பாத்தா முதுகு பின்பக்கம் குறுகிப் போச்சு, வால் இறகு எல்லாம் மடிச்ச விசிறி மாதிரி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கும். தெரியாம பண்ணல, தெரிஞ்சேதான் பண்ணினேன். நிறம் இவ்ளோ நல்லா இருக்கே, உடம்பைப் பெட்டைங்க பக்கத்துல இருந்து சரி பண்ணிக்கலாம்னு நினைச்சு ஏழு பெட்டைக்கும் அவனையே விட்டேன். ஒரு பெட்டைல குறை இருந்தா அவ முட்டையில வர்ற குஞ்சோட அது நின்னுடும், சேவல்ல குறை இருந்தா அந்த வருஷம் பொறிக்கிற அத்தனை குஞ்சும் அதுல பாதியைத் தூக்கிட்டு வரும். அடுத்த வருஷம் 30 குஞ்சுக்கு மேல வளத்து நிறுத்தினேன், பெரும்பாலானதுக்கு அதே குறுகின பின்பக்கம். ரெண்டு மூணு பெட்டைங்க முட்டை போடவே கஷ்டப்பட்டுச்சுங்க, ஒருத்தி முட்டை அடைச்சுக்கிட்டு வெந்நீர்ல உக்கார வெச்சும் பிழைக்கல. அன்னைக்கு ராத்திரி முழுக்க அவ பக்கத்துலயே இருந்தேன். நிறத்துக்கு ஆசைப்பட்டு அவளை நான்தான் அப்படிப் பிறக்க வெச்சேன்னு இன்னும் மனசுல இருக்கு.

அதுக்கப்புறம் ரெண்டு சீசன் உடம்பை மட்டும்தான் பாத்தேன், நிறத்தைப் பக்கமே விடல. இப்போ இந்த 43 குஞ்சோட அப்பனுக்கு நிறம் சுமார்தான், கழுத்துல ஒரு சாயல் லேசாத்தான் இருக்கு, ஆனா கையில தூக்கினா கனம் தெரியுது, முதுகுல உள்ளங்கையை அகலமா வெச்சா நிக்குது. நிறத்தை ரெண்டு மூணு தலைமுறையில இழுத்துக் கொண்டு வந்துரலாம், போன எலும்பைத் திருப்பிக் கொண்டு வர்றது அவ்ளோ சுலபமில்ல.

ஷோ பக்கத்துலயும் எனக்கு வருத்தம் இருக்கு, அதையும் சொல்லிடுறேன். சில பேர் கூண்டுல நிக்கிற அழகை மட்டுமே பாத்துப் பாத்து முட்டையைக் கணக்குல இருந்தே எடுத்துட்டாங்க. ரோட் ஐலண்ட் ரெட் முட்டைக்கும் கறிக்கும் சேர்த்து உருவான ஜாதி, வருஷத்துக்கு நூறு முட்டை கூடப் போடாத ஒரு பெட்டை எவ்ளோ ரிப்பன் வாங்கினாலும் எனக்கு அவ பாதி ரெட்தான். அதே மாதிரி, பட்டை போட்ட இறகு இருக்குற பிளைமவுத் ராக் ஜாதியில சேவலுக்கு ஒரு தனி லைன், அதாவது தனி வம்சம், பெட்டைக்கு ஒரு தனி லைன்னு ரெண்டு கூட்டம் வெச்சு வளர்ப்பாங்க, ஏன்னா அந்தப் பட்டை ஜீன் சேவலுக்கு ரெண்டு பங்கு, பெட்டைக்கு ஒரு பங்குதான், இயற்கையா விட்டா சேவல் வெளுத்துதான் இருக்கும், ஆனா ரெண்டும் ஒரே நிறமா இருக்கணும்னு ஷோவுல எதிர்பாக்குறாங்க. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன், ஆனா ஒரு லைன்ல பொறிக்கிறதுல பாதியைப் பிறக்கும்போதே வேண்டாம்னு ஒதுக்குற ஒரு முறை எனக்கு மனசு ஒப்பல. வையன்டாட் ஜாதியோட கதையும் இப்படித்தான், தலையோட தட்டையாப் படிஞ்ச ரோஜாக் கொண்டைதான் ஸ்டாண்டர்ட், ஆனா அந்த ஜீன் ரெண்டு பக்கத்துல இருந்தும் வாங்கின சேவலுக்குக் கரு பிடிக்க வைக்கிற சக்தி கம்மி, அதனாலயே ஒத்தைக் கொண்டைக் குஞ்சு அந்த ஜாதியில வந்துக்கிட்டே இருக்கும். அதை அழுக்கு ரத்தம்னு சொல்லித் தூக்கி எறியுறவங்களைப் பாத்தா கோபம் வருது.

இப்போ உன் கேள்விக்கு வர்றேன். உன் கோழிங்களை யாருக்கும் குடுக்காதே. நீ வீட்டுத் தேவைக்குத்தான் வளர்க்குறேன்னா உன்கிட்ட இருக்குறதை விட நல்லது கிடையாது, அதுங்க அதுங்க வேலையை ஒழுங்காச் செய்யுதுங்க. ஆனா உனக்கு நிஜமாவே ஒரு ஜாதியைக் காப்பாத்தணும்னு ஆசை இருந்தா, அது போட்டோ பாத்து வர்ற ஆசையா இல்லாம இருந்தா, ஒரே லைனைப் பல வருஷமா வெச்சிருக்குற ஒருத்தர்கிட்ட ஒரு சேவலும் ரெண்டு மூணு பெட்டையும் வாங்கு. ரெண்டு இடத்துல இருந்து ரெண்டு நல்ல பறவை வாங்கிச் சேர்த்தா நல்லது வரும்னு எல்லாரும் நினைக்கிறோம், வெவ்வேற லைன்ல மறைஞ்சு கிடக்குற குறை எல்லாம் ஒண்ணா மேல வந்துரும், எனக்கு ஒரு தடவை கொண்டைல பக்கவாட்டு முளையும் கால்ல குட்டிக் குட்டி இறகும் அப்படித்தான் வந்துச்சு, ரெண்டுமே ஷோவுல உடனே தள்ளிடுற குறை. பழைய கூட்டத்தோட சேர்க்காதே, தனிக் கூண்டு போடு, சேவலை மாத்தினா நாலு வாரம் கழிச்சுதான் முட்டையை எடுத்து வை, அதுக்கு முன்னாடி வர்றது பழைய சேவலோடதா கூட இருக்கலாம், பெட்டை உடம்புல அவ்ளோ நாள் தங்கும்.

பொறிச்ச அன்னைக்கே கால் விரல் நடுவுல இருக்குற சவ்வுல சின்ன ஓட்டை போட்டு அடையாளம் வெச்சுடு. ரெண்டு கால்ல மொத்தம் நாலு இடம், அதுல 16 விதமா அடையாளம் வைக்கலாம், எந்தக் குஞ்சு எந்தப் பெட்டையோடதுன்னு ஆறு மாசம் கழிச்சு ஞாபகத்தை நம்பி உக்காரக்கூடாது. கொஞ்சம் கூட்டம் சேர்ந்ததும் மூணு குடும்பமாப் பிரிச்சுக்கோ, பெட்டைங்க அம்மா குடும்பத்துலயே இருக்கட்டும், சேவல் குஞ்சுங்க மட்டும் வருஷா வருஷம் அடுத்த குடும்பத்துக்குப் போகட்டும். வெளிய இருந்து ரத்தம் கொண்டு வராமலே ரொம்ப வருஷம் ஓட்டலாம். பொறிப்பு குறையுதா, குஞ்சு சோர்ந்து இருக்கான்னு மட்டும் கவனி, நெருங்கின ரத்தம் சேர்ந்தா முதல்ல அங்கதான் தெரியும்.

கஷ்டமான பகுதி ஒண்ணு இருக்கு. 43-ல நான் அடுத்த வருஷத்துக்கு வெச்சுக்கப் போறது அஞ்சு இல்ல ஆறு. மிச்சத்தை முட்டைக்காக வளர்க்குறவங்களுக்குக் குடுப்பேன், என்ன குறை இருக்குன்னு சொல்லித்தான் குடுப்பேன், ஜாதிப் பேரைச் சொல்லி விக்க மாட்டேன். நோஞ்சானை ஆரம்பத்துலயே பிரிச்சுடலாம், மத்ததை எட்டு மாசம் வரைக்கும் பொறுக்கணும், கனமான ஜாதி மெதுவாத்தான் உருவம் எடுக்கும், நாலாவது மாசம் கோணலா நெட்டையா நிக்கிறவன் ஒன்பதாவது மாசம் கூட்டத்துலயே நல்லவனா வருவான். நான் ரெண்டு பேரை அப்படி அவசரப்பட்டுக் குடுத்துட்டேன்.

நீ சரின்னு சொன்னா இந்தக் கூட்டத்துல இருந்து உனக்கு ஒரு வெடச்சேவலும் மூணு வெடக்கோழியும் எடுத்து வைக்கிறேன், அடுத்த வருஷம் ஆரம்பத்துல தேறிடும். வந்ததும் ஒரு மாசம் உன் கோழிங்க பக்கமே விடக்கூடாது, தண்ணித் தொட்டியில இருந்து துடைப்பம் வரைக்கும் தனி.

அதுக்கு முன்னாடி உன் பழைய சேவலை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு, நேரா மேல இருந்து ஒண்ணு, பக்கத்துல இருந்து ஒண்ணு, பக்கத்துல எடுக்குறதை நீ குனிஞ்சு உக்காந்து அவன் கண்ணு மட்டத்துல எடுக்கணும். போன போட்டோவுல முதுகு எனக்கு நல்லாத் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, அதை இன்னொரு தடவை பாக்கணும்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்