டார்க் வெப்பில் எதைத் தேடுவது?

ஆசிரியருக்கு,

டார்க் வெப்பில் (சாதாரணத் தேடுபொறிகளுக்கு எட்டாத, சிறப்பு மென்பொருள் வழியே மட்டும் நுழையக்கூடிய இணையப் பகுதி) தகவல் கசிந்ததாகச் செய்தி வரும்போதெல்லாம் நிறுவனங்கள் பதறிப்போய் ஏதாவது ஒரு கண்காணிப்புச் சேவைக்குப் பணம் கட்டுகின்றன. 'டார்க் வெப் முழுவதையும் அலசுகிறோம்' என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். பல கும்பல்களின் தளங்களுக்குள் அழைப்பு இல்லாமல் நுழையவே முடியாது. திருட்டுத் தரவு டெலிகிராம் குழுக்களிலும் கைமாறுகிறது.

நிறுவனத்தின் பெயரைப் போட்டுத் தேடுவதிலும் பயன் குறைவு. ஒரு நிறுவனத்தின் வலைப்பின்னலுக்குள் நுழையும் வழியை விற்கும் தரகர் பெரும்பாலும் பெயரைச் சொல்லமாட்டார். நாடு, தொழில், ஆண்டு வருவாய், நுழைவது விபிஎன் வழியாகவா ஆர்டிபி வழியாகவா (இரண்டும் வெளியிலிருந்து அலுவலகக் கணினிகளோடு இணையும் வழிகள்), தொடக்க விலை என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

கைமேல் பலன் தருவது 'ஸ்டீலர் லாக்' கண்காணிப்பு. ரெட்லைன், லூமா போன்ற நிரல்கள் ஒரு கணினியில் புகுந்தால், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள், குக்கிகள் (உள்நுழைந்தவரைத் தளம் அடையாளம் காண பிரவுசரில் வைக்கும் சிறு தரவு), கணினியின் பெயர், சமயத்தில் திரையின் படம் வரை அள்ளி ஒரே கோப்புறையாகத் திருடனுக்கு அனுப்பிவிடும்; அதுதான் ஸ்டீலர் லாக். 2024-ல் கிளவுட் தரவுச் சேமிப்பு நிறுவனமான ஸ்னோஃப்ளேக்கின் வாடிக்கையாளர்களின் கணக்குகளுக்குள் இப்படிக் கிடைத்த கடவுச்சொற்களை வைத்தே புகுந்தார்கள். பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று சுமார் 165 நிறுவனங்களுக்கு எச்சரிக்கை போனது. 2020 நவம்பரில் திருடு போன கடவுச்சொல்கூட அப்போதும் செல்லுபடியானது. பறிபோன கணக்குகளில் இரண்டாம் அடுக்குச் சரிபார்ப்பு இல்லை. சில திருட்டுகள் நடந்தது ஒப்பந்ததாரர்களின் லேப்டாப்பில். அதே லேப்டாப்பில்தான் விளையாட்டும் திருட்டு மென்பொருள் இறக்குவதும். எனவே மின்னஞ்சல் டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் பெயர்), விபிஎன் நுழைவு முகவரி, கிளவுட் முகவரிகள் ஆகியவற்றோடு ஒப்பந்ததாரர்களின் டொமைன்களையும் கண்காணிப்பில் சேர்க்க வேண்டும்.

ஒரு பதிவு சிக்கினால் முதலில் தேதியைப் பாருங்கள். பழைய பட்டியல்களைக் கலந்து 'புதுசு' என்று விற்பது அங்கே வாடிக்கை. உங்கள் விதிப்படி கடவுச்சொல்லுக்கு 12 எழுத்து தேவை, பதிவில் இருப்பதோ 8 எழுத்து என்றால், அது பழையதாகவோ வேறு தளத்துடையதாகவோ இருக்கும். கணினியின் பெயர், அது அலுவலக இயந்திரமா வீட்டு இயந்திரமா என்று காட்டிக்கொடுக்கும். மாதிரி பார்க்கிறேன் என்று விற்பவரிடம் பணம் கொடுத்து வாங்காதீர்கள். சட்டச் சிக்கல் வரும், திருடனுக்கு வருமானமும் ஆகும்.

அடுத்து பலரும் சறுக்கும் இடம். உடனே கடவுச்சொல்லை மாற்றச் சொல்கிறார்கள். ஊழியரும் நிரல் புகுந்த அதே கணினியில் உட்கார்ந்து மாற்றுகிறார். புதியதும் அப்படியே திருடனுக்குப் போய்விடுகிறது. முதலில் அந்தக் கணினியை வலைப்பின்னலிலிருந்து துண்டிக்க வேண்டும். பிறகு அந்தக் கணக்கின் எல்லா அமர்வுகளையும் (ஏற்கெனவே உள்நுழைந்து திறந்திருக்கும் இணைப்புகள்) சர்வர் பக்கமிருந்தே ரத்து செய்ய வேண்டும். அமர்வுக் குக்கி உயிரோடு இருக்கும்வரை திருடனுக்குக் கடவுச்சொல்லும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். அதன் பிறகே சுத்தமான வேறொரு கணினியில் கடவுச்சொல் மாற்றம். மின்னஞ்சலில் யாருக்கும் தெரியாமல் வேறு முகவரிக்கு அனுப்பும் விதி சேர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்; அது இருந்தால் மற்ற எல்லாம் செய்தும் அஞ்சல்கள் வெளியே போய்க்கொண்டே இருக்கும்.

ஊடுருவல் தெரியவந்தால், இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 ஏப்ரல் உத்தரவுப்படி 6 மணி நேரத்துக்குள் அந்த அமைப்புக்குத் தகவல் தெரிவித்தாக வேண்டும். கணினி அமைப்புகளின் 180 நாள் செயல்பாட்டுப் பதிவேடுகளையும் வைத்திருக்க வேண்டும். தங்கள் நாளிதழ் கசிவுச் செய்தி வெளியிடும்போது, தரவு எந்த ஆண்டுடையது, மாதிரியை யாராவது சரிபார்த்தார்களா என்ற இரண்டு விவரங்களையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறோம்.

— இணையப் பாதுகாப்புப் பணியாளர்கள், கோயம்புத்தூர்