வாட்கின்ஸை வளர்த்த ஊருக்கு ஒரு வரி

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 2025 ஜனவரியில் இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஓலி வாட்கின்ஸை ஆர்சனல் கிளப் கேட்டு, ஆஸ்டன் வில்லா கிளப் தர மறுத்ததிலிருந்தே, அவர் எங்கே போவார், எத்தனை மில்லியன் பவுண்டுக்குப் போவார் என்று ரசிகர்கள் ஓயாமல் பேசுகிறார்கள். விளையாட்டுப் பக்கங்களும் அதையேதான் எழுதுகின்றன. அவரை வளர்த்துவிட்ட எக்சிட்டர் சிட்டி கிளப்பைப் பற்றி ஒரு வரிகூட வருவதில்லை. என் வருத்தம் அதுதான்.

எக்சிட்டர் பெரிய முதலாளியின் கிளப் அல்ல. 2003-ல் கடனில் தத்தளித்தபோது ரசிகர்களே அறக்கட்டளை மூலம் அதைக் கையில் எடுத்தார்கள். சிறுவனாக அங்கே சேர்ந்த வாட்கின்ஸை 2017-ல் பிரென்ட்ஃபோர்டுக்கு விற்றபோது, மறுபடி விற்றால் எங்களுக்கும் ஒரு பங்கு என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள். எவ்வளவு விவரமானவர்கள்! 2020 செப்டம்பரில் வில்லா சுமார் 2.8 கோடி பவுண்டு கொடுத்து அவரை வாங்கியது. கொரோனாவால் மைதானங்கள் வெறிச்சோடிக் கிடந்த அந்த நேரத்தில் எக்சிட்டரின் பங்கும் வந்து சேர்ந்தது.

2024 யூரோ கோப்பை அரையிறுதியை யாரால் மறக்க முடியும்? ஆட்டம் முடியும் தறுவாயில், இங்கிலாந்துக்காக ஆடிய வாட்கின்ஸ் கோல் கம்பத்துக்கு முதுகைக் காட்டியபடி பந்தை வாங்கினார். சட்டென்று திரும்பி, தரையோடு எதிர்மூலைக்கு அடித்தார். நெதர்லாந்து வீட்டுக்குப் போனது.

அடுத்த முறை அவர் பெயர் அடிபடும்போது, எக்சிட்டருக்கு ஏதாவது கிடைக்குமா என்பதையும் விசாரித்து எழுதுங்கள், ஐயா.

இப்படிக்கு,
கால்பந்து ரசிகன்,
வியாசர்பாடி, சென்னை