சாக்பீஸ் வாங்கிவரப் போனவள்

அடியே ஜெயா,

தீபாவளிக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை, திட்டிக்கொள். பெரியவளுக்கு வரன் பார்க்கிறீர்களாமே, கோமதி சொன்னாள். எனக்குச் சொல்லாமல் முடித்துவிடாதே. என் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் ஏழாம் வகுப்பில் ஒரு பையன், அப்பா பைக்கில் போகும்போது லாரி மோதி இறந்துவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு வந்து உட்கார்ந்தான். சம்பாதிக்கிற அப்பாவோ அம்மாவோ விபத்தில் போய்விட்டால் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு 75,000 ரூபாய் உண்டல்லவா (நோயில் செத்தால் கிடையாது, அது என்ன கணக்கோ), அதற்கு இறப்புச் சான்றிதழ், எஃப்.ஐ.ஆர். நகல், போஸ்ட்மார்ட்டம் அறிக்கை எல்லாம் எடுத்து வாடா என்று அவனிடமே சொல்லி அனுப்பினேன். ஆமாம், நான்தான்.

அறிவியல் புத்தகத்துக்குள் மடித்துக் கொண்டுவந்தான். கொடுக்கும்போது, "டீச்சர், லேசரேஷன்னா என்ன?" என்று கேட்டான். போஸ்ட்மார்ட்டம் அறிக்கையில் சதை கிழிந்த காயத்துக்கு எழுதுகிற வார்த்தை அது. முழுக்கப் படித்திருக்கிறான், ஜெயா. வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டு, போய்க் கணக்கு நோட்டை எடு என்றேன். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை.

மாணவர் ஆலோசனைக்கு 14417 என்று சுவரில் எழுதி வைத்திருக்கிறோம். அவர்கள் வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவுடையது, அது போலீஸ் ஸ்டேஷனில் கிடக்கிறது. சுனாமிக்கு அப்புறம் பெங்களூர் மனநல ஆஸ்பத்திரியான நிம்ஹான்ஸ்காரர்கள் வந்து ஆசிரியர்களுக்கெல்லாம் பயிற்சி கொடுத்தார்கள். ஊரே செத்தால் ஆள் வருகிறது, ஒரே ஒரு அப்பா செத்தால் ஒரு விண்ணப்பப் படிவம்தான் வருகிறது.

உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். ஒன்பதாவதில் உன் அப்பா போனபோது நாங்கள் உன் பக்கத்தில் உட்காரவே பயந்தோம். பிச்சிப்பூ டீச்சர் மட்டும் தினமும் இரண்டாவது பீரியடில் உன்னைச் சாக்பீஸ் வாங்கிவர அனுப்புவார். நீ அரை மணி கழித்து முகம் கழுவிக்கொண்டு வருவாய், ஒரு கேள்வி கேட்க மாட்டார். உனக்கு மட்டும் சலுகை என்று நான் பொறாமைப்பட்டேன், கழுதை நான். மேசையில் டப்பா நிறைய சாக்பீஸ் இருந்தது இப்போதுதான் உறைக்கிறது.

நேற்று நானும் அவனை அனுப்பினேன். இரண்டே நிமிடத்தில் ஓடிவந்து நின்றுவிட்டான், படுபாவி.

நீ அந்த அரை மணியில் எங்கேடி போவாய்? டீச்சர் முன்னாலேயே உன்னிடம் ஏதாவது சொல்லியிருந்தாரா? உடனே எழுது. அத்தைக்கு என் விசாரிப்பு.

உன்,
வசந்தி